பழைய எஸ்யூவிக்கு ரிம் மாற்றும்போது: போல்ட்டில் ஏறினால் மட்டும் போதாது

"ஆறு போல்ட்லயும் அழகா உட்காருது மாமா, அப்புறம் என்ன?" என்றான் அக்கா மகன். அவனுடையது 2008 மாடல் ஃபோர்டு எண்டவர். 2016-இல் வந்த புது எண்டவரிலிருந்து கழற்றிய 18 இஞ்ச் அலாய் நான்கை, டயரோடு, "அதே வண்டி ரிம்தான் சார்" என்ற பேச்சை நம்பி வாங்கி வந்திருந்தான். ஜாக்கி ஏற்றி, நட்டை முடுக்கி, ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்துவிட்டு டயரைக் கையால் சுற்றினேன். கர்ர்ரென்று உள்பக்கம் உரசியது.

போல்ட்டுகள் நிற்கும் வட்டத்தின் விட்டம்தான் பிசிடி. இரண்டு எண்டவருக்கும் அது 6×139.7, அதாவது ஆறு போல்ட், 139.7 மி.மீ. விட்டம். ரிம்மின் நடு ஓட்டையும் ஒரே அளவு, 93.1 மில்லிமீட்டர். வேறுபட்டது ஆஃப்செட். ரிம்மின் அகலத்துக்கு நட்டநடுக் கோட்டிலிருந்து, ஹப்பில் (வண்டியில் சக்கரம் மாட்டும் நடுப்பகுதியில்) பதியும் முகம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதே அது. பழைய வண்டிக்கு +10 மி.மீ., புதியதற்கு +55. எண் கூடக் கூட சக்கரம் வண்டிக்கு உள்ளே போகும். இங்கே 45 மி.மீ. அதனாலேயே உள்ளே போய்விட்டது. ரிம் அகலமும் 7 இஞ்சிலிருந்து 8 ஆனதால், கூடிய ஒரு இஞ்சில் பாதி உள்பக்கம் வந்து இன்னும் 12.7. ஆக, உள்விளிம்பு கிட்டத்தட்ட 58 மி.மீ. உள்ளே! உரசாமல் என்ன செய்யும்?

இதற்குப் பயந்து ஆஃப்செட் மிகக் குறைவான ரிம்மை வாங்குவதும் தவறுதான். சக்கரம் ஃபெண்டருக்கு (மட்கார்டுக்கு) வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், வீல் பேரிங்குக்கும் சுமை ஏறும். கழற்றிய பழைய ரிம்மின் பின்பக்கம் அச்சிட்டிருக்கும் ஆஃப்செட் எண்ணை முதலில் படியுங்கள், அதற்கு நெருக்கமான எண் உள்ள ரிம்மையே வாங்குங்கள்.

நடு ஓட்டை ஏமாற்றும் விதம் வேறு. டொயோட்டா ஃபார்ச்சூனருக்கும் மிட்சுபிஷி பஜேரோ ஸ்போர்ட்டுக்கும் பிசிடி அதே 6×139.7. ஆனால் ஃபார்ச்சூனர் ரிம்மின் ஓட்டை 106 மி.மீ., பஜேரோ ஸ்போர்ட்டுடையது 67. ஃபார்ச்சூனர் ரிம்மைப் பஜேரோவில் மாட்டினால் ஹப்பைச் சுற்றிப் பெரிய இடைவெளி. ரிம் சரியாக நடுவில் உட்காராவிட்டால் வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கும். நீங்களோ வீல் பேலன்சிங்குக்குத் திரும்பத் திரும்பப் பணம் கொடுத்துக்கொண்டிருப்பீர்கள். சென்னையில் பழைய உதிரிபாகங்கள் விற்கும் புதுப்பேட்டைக்குப் போனால், ஓட்டையைத் துல்லியமாக அளக்க வெர்னியர் காலிப்பர் ஒன்றைக் கையோடு கொண்டு போங்கள். கடைக்காரர் வாயால் சொல்லும் அளவை ஏற்காதீர்கள்.

டயரின் மொத்த உயரத்தையும் கணக்குப் போடுங்கள். பழைய எண்டவரின் 245/70 ஆர்16 டயர் ஏறக்குறைய 749 மி.மீ., புதியதன் 265/60 ஆர்18 ஏறக்குறைய 775. ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது வண்டி வழக்கத்தைவிட மூன்று நான்கு கிலோமீட்டர் கூடுதலாக ஓடும். ரிம் தாங்கும் எடையும் முக்கியம். இரண்டரை டன் வண்டிக்குக் கார் ரிம் ஆகாது.

நட்டை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள், எனக்கு அதுதான் பெரிய கவலை. கூம்பு முனை நட்டுக்கான ரிம்மில் தட்டை வாஷர் நட்டைப் போட்டால் முடுக்கும்போது இறுகியதுபோல் இருக்கும், ஓட்டத்தில் தளரும். 12×1.5 மரையில் (12 மி.மீ. போல்ட், சுற்றுக்கு 1.5 மி.மீ.) நட்டு குறைந்தது எட்டுச் சுற்றாவது ஏற வேண்டும். ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவில் ஸ்பேசர் (இடைத் தகடு) செருகினால் அது குறைந்துவிடும். புது ரிம் மாட்டி நூறு கிலோமீட்டருக்குள் டார்க் ரெஞ்ச் (முடுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) வைத்து மறுபடி முடுக்குங்கள்.

புது ரிம்முக்கு வேறு நட்டு போட்டு, ஸ்டெப்னி பழைய ரிம்மாகவே இருந்தால் பழைய நட்டுகளை ஒரு பையில் கட்டி அதோடு வையுங்கள்.