கடலூரிலிருந்து காமாக் கதிர் தேடலாம்: மடிக்கணினி போதும்

முதலில் ஒன்று: டெலஸ்கோப் வாங்க வேண்டாம். விண்வெளியிலிருந்து வரும் காமாக் கதிர், அதாவது மிக அதிக ஆற்றலுள்ள ஒளி, தரை வரை வருவதே இல்லை. கண்ணுக்குத் தெரியும் ஒளித்துகளின் ஆற்றல் இரண்டு, மூன்று எலக்ட்ரான் வோல்ட்தான். நாம் தேடுவதோ லட்சம் கோடி எலக்ட்ரான் வோல்ட் கணக்கு. அப்படி ஒன்று மேல் வளிமண்டலத்தில் மோதினால் துகள்கள் மழையாகச் சிதறும், சில நானோநொடிகளுக்கு நீலநிறச் செரன்கோவ் ஒளி மின்னும். அதைப் பிடிக்கத்தான் நமீபியாவில் ஹெஸ் தொலைநோக்கிகள், லடாக்கின் ஹான்லேயில் 21 மீட்டர் விட்டமுள்ள மேஸ் தொலைநோக்கி. ஹெஸ் குழு 2018-ல் தன் தரவில் ஒரு சிறு பகுதியைப் பொதுவில் வைத்தது. நமக்கு அது போதும்.

படி 1: இடம் பார்த்துக்கொள்ளுங்கள்

மார்ச் மாதம் விடியற்காலை நான்கு மணிக்குச் சில்வர் பீச்சில் தென்கிழக்கே பாருங்கள். விருச்சிகத்தின் வால் நுனியில் மூலம், அதற்கு இடப்பக்கம் பூராடம். இரண்டுக்கும் இடையில் பால்வீதியின் மையம். கட்டாயமில்லை, ஆனால் படி 5-ல் எங்கே தேடுகிறோம் என்று தெரியாமல் தேடுவதில் என்ன சுவை?

படி 2: மென்பொருள்

பைதான் என்ற நிரல்மொழியும், காமாக் கதிர்த் தரவை அலசும் கம்மாபை என்ற இலவச மென்பொருள் தொகுப்பும் வேண்டும். நிறுவும் கட்டளைகளும் பயிற்சித் தரவும் கம்மாபை தளத்திலேயே உள்ளன. வைஃபை இருக்கும்போது இறக்குங்கள்.

படி 3: நண்டு நெபுலாவின் தரவைத் திறவுங்கள்

பழகிப் பார்க்க ஹெஸ் தரவிலிருந்து முதலில் நண்டு நெபுலா, வெடித்த விண்மீன் ஒன்றின் எச்சம். 1989-ல் அமெரிக்காவின் விப்பிள் தொலைநோக்கி இந்த ஆற்றலில் முதன்முதலில் உறுதியாகக் கண்டது இதைத்தான். புதுக் கருவி எதையும் இதில் சோதித்துப் பார்ப்பது வழக்கம். கோப்பைத் திறந்தால் படம் வராது. நேரம், திசை, ஆற்றல் என்று வரி வரியாக ஒரு பட்டியல்தான்.

படி 4: எண்ணுங்கள்

வேலையே இங்குதான். பட்டியலில் இருப்பதெல்லாம் காமாக் கதிர் இல்லை. விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்ப் புரோட்டான்களும் இதே மாதிரி மழை பொழியும். எவ்வளவு சலித்தாலும் கொஞ்சம் தங்கிவிடும். அதனால் நெபுலாவைச் சுற்றி ஒரு சிறு வட்டம் போடுங்கள், அது 'ஆன்'. கேமராவின் நடுவிலிருந்து அதே தூரத்தில், காமாக் கதிர் உமிழும் பொருள் எதுவும் இல்லாத இடங்களில், அதே அளவு வட்டங்கள், அவை 'ஆஃப்'. தூரம் ஏன் ஒன்றாக இருக்க வேண்டும்? நடுவிலிருந்து விலக விலகக் கருவியின் உணர்திறன் குறையும். இதற்காகவே தொலைநோக்கியை நெபுலாவுக்கு அரை டிகிரி தள்ளிக் குறிவைக்கிறார்கள்.

கற்பனைக் கணக்கு ஒன்று. ஆன் வட்டத்தில் 100, ஐந்து ஆஃப் வட்டங்களில் மொத்தம் 300. அப்படியானால் ஒரு வட்டத்துக்குப் பின்னணி 60, மிச்சம் 40. கண்டுபிடித்துவிட்டோமா? 1983-ல் வந்த லி–மா சூத்திரத்தில் போட்டால் சுமார் 4.2 சிக்மா (இந்த மிச்சம் தற்செயலாக வர வாய்ப்பு எவ்வளவு குறைவு என்பதன் அளவு). வழக்கமாகக் கேட்பது 5. வானத்தில் நூறு இடம் துழாவினால் எங்காவது தற்செயலாக ஒரு மேடு தட்டுப்படத்தான் செய்யும். இந்தக் கறார் அதற்காகத்தான். உண்மையான நண்டுத் தரவிலோ 5 வெகு சுலபமாகத் தாண்டிவிடும்.

படி 5: விருச்சிகத்துக்குப் போங்கள்

ஹெஸ்ஸின் அதே தரவுத் தொகுப்பில் ஆர்.எக்ஸ். ஜே1713.7-3946 இருக்கிறது. வெடித்த விண்மீனின் எச்சம்; முழுநிலவைப் போல் இரு மடங்கு அகலம். இதன் ஓடு போன்ற வடிவத்தை 2004-ல் ஹெஸ் படமாகவே காட்டியது. இங்கே நண்டுக்குப் போட்ட சின்ன வட்டம் உதவாது. பெரிதாகப் போட்டால் ஆஃப் வட்டங்களுக்கு இடம் நெருக்கடியாகும். முதலில் எச்சம் முழுவதையும் மறைத்துவிட்டு, பின்னணியை வளைய முறையில், அதாவது ஒவ்வொரு இடத்தையும் சுற்றியுள்ள வளையத்தில் எண்ணி, எடுங்கள். மறைப்பு சிறிதாகிவிட்டால் எச்சத்தின் கதிரையே பின்னணி என்று கழித்துவிடுவீர்கள். தாராளமாகவே மறையுங்கள்.