குளக்கட்டைப் பிடித்து நடங்கள்: வன்னி நகரங்களில் முதல் நடை

இலங்கையின் வடக்கே, வன்னியில் ஆற்றோர நடை ஒன்று சொல்லுங்கள் என்று கேட்டால் கொஞ்சம் யோசிக்கத்தான் வேண்டும். கனகராயன் ஆறு, பாலியாறு, பறங்கியாறு, பேராறு என்று ஆறுகளுக்கு இங்கே குறைவில்லை. ஆனால் மாரி போய்ச் சில மாதத்தில் அவை வெறும் மணலாய்க் கிடக்கும். எங்கள் நகரங்களும் பெரும்பாலும் ஆற்றை நம்பி எழும்பியவை அல்ல, குளத்தை நம்பி எழும்பியவை. ஆகவே கரையோர நடை என்றால் வன்னியில் அது குளக்கட்டு நடைதான், குளத்து நீரை மறித்து நிற்கும் அணையின் மேலால் நடப்பது. கடைத்தெருவில் தொடங்கிக் குளக்கட்டில் முடியும்படி ஒரு பாதையைப் போட்டுக்கொண்டால், ஊர் ஏன் அந்த இடத்தில் இருக்கிறது என்பது நடக்க நடக்கத் தானாக விளங்கும்.

வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு என்ற மூன்று நகரங்களை வைத்து, நடந்து பழக்கமில்லாதவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நிலம் தட்டை, ஏற்ற இறக்கம் இல்லை. எதிரி வெயில் ஒன்றுதான். சில ஒழுங்கைகளில் நாயும்.

முதலாவது: மாதத்தைப் பாருங்கள்

ஐப்பசியில் பிடிக்கும் மழை மார்கழி வரை விடாது. தை நடுப்பகுதியிலிருந்து பங்குனி வரைதான் நல்ல காலம். குளங்கள் நிறைந்திருக்கும், காலையில் பனிக்குளிர் இருக்கும், மாரி மழைக்கு விதைத்த காலபோக நெல் அறுவடைக்கு வந்திருக்கும். சித்திரை பிறந்தால் வெயில் ஏறிவிடும். வைகாசியிலிருந்து சோளகம் என்ற தென்மேற்குக் காற்று புழுதியை அள்ளி முகத்தில் அடிக்கும். அந்த நாட்களில் நடக்க வேண்டுமென்றால் காலை ஆறு மணிக்கு வெளிக்கிட்டு எட்டு மணிக்குள் நிழலுக்கு வந்துவிட வேண்டும். ஆனி, ஆடியில் நடப்பதற்கு ஒரேயொரு நியாயம் உண்டு: சந்தியில் பாலைப்பழம் வந்திருக்கும். அதைத் தின்றால் வாயில் பால் ஒட்டும். தண்ணீர்ப் போத்தல் கையில் இருக்கட்டும்.

இரண்டாவது: தூரத்தை நீங்களே அளந்துகொள்ளுங்கள்

முதல் நடைக்கு மூன்று கிலோமீற்றர் போதும். நின்று பார்த்து, தேத்தண்ணி குடித்து நடந்தால் ஒன்றரை மணித்தியாலம் ஓடிவிடும். கைத்தொலைபேசி வரைபடத்தில் வீட்டிலேயே அளந்து பார்த்துவிட்டு வாருங்கள். வழியில் கேட்டால் எல்லாரும் "உதில கிட்டத்தான்" என்பார்கள். அவர்கள் மோட்டார் சைக்கிள் கணக்கில் சொல்கிறார்கள். அந்தக் "கிட்ட" நாலு கிலோமீற்றராகவும் இருக்கும்.

மூன்றாவது: கையில் என்ன வேண்டும்

ஒரு லீற்றர் தண்ணீர், ஒரு குடை, அடையாள அட்டை, சில்லறைக் காசு. தொப்பியை விடக் குடை நல்லது. வெயிலுக்கும் உதவும், நாய்க்கும் உதவும். காலுக்கு வார் போட்ட செருப்பே போதும். வழியில் இரண்டு மூன்று கோயில் வாசலில் கழற்ற வேண்டிவரும், சப்பாத்தோடு வந்தவர் ஒவ்வொரு வாசலிலும் குனிந்து கயிறு அவிழ்த்துக்கொண்டிருப்பார். கோயிலுக்குள் போகும் எண்ணம் இருந்தால் முழங்கால் மறையும் உடுப்பு. பல கோயில்களில் ஆண்கள் சேட்டைக் கழற்றித்தான் உள்ளே போக வேண்டும்.

நான்காவது: வவுனியா, தொடக்கத்துக்கு இதுதான் சரி

மூன்று நகரங்களில் நடக்க மிக இலகுவானது வவுனியா. நிழல் உண்டு, கடை உண்டு, களைத்தால் எந்த மூலையிலும் ஓட்டோ உண்டு.

புகையிரத நிலையத்தில் தொடங்குங்கள். 1905 இல் காங்கேசன்துறை வரை ஓடத் தொடங்கிய பாதை இது. 1990 இல் போர் வடக்குப் பக்கத்தை அறுத்தபின் நீண்ட காலம் யாழ்ப்பாணத்துக்கு ரயில் இல்லை. 2013 செப்டெம்பரில் கிளிநொச்சிக்கும் 2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்துக்கும் மறுபடி போயிற்று. அந்த இடைக்காலத்தை அறிந்த ஒரு பெரியவரை மேடை வாங்கில் கண்டால், நடையைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு இருந்து கதையுங்கள்.

நிலையத்திலிருந்து வைரவபுளியங்குளம் பக்கம் திரும்புங்கள். காலையில் குளக்கட்டில் நடக்கிறவர்கள் ஏற்கெனவே இருப்பார்கள், நீங்கள் தனியாகத் தெரியமாட்டீர்கள். முதல் நடைக்கு இது பெரிய ஆறுதல்.

கட்டில் ஏறியதும் எல்லாரும் தண்ணீரைப் பார்த்து நிற்பார்கள். நீங்கள் தண்ணீருக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். உங்களுக்குப் பின்னால் நீர் மட்டம் எங்கே, முன்னால் தெருவும் வீட்டு முற்றமும் எங்கே என்று ஒப்பிட்டுப் பாருங்கள். முன்னால் இருப்பது பள்ளம். பழைய வயல் அந்தப் பள்ளத்தில்தான் இருக்க வேண்டும். அப்படியே கட்டு வழியே நடந்தால் ஓரிடத்தில் கட்டுக்கு அடியால் நீர் போக ஒரு வழியும், அதைத் திறந்து மூட ஒரு இரும்புத் தண்டும் இருக்கும். அதுதான் துருசு. துருசிலிருந்து வாய்க்கால் வெளிக்கிடும். கட்டின் ஒரு பக்கமாய், கட்டை விடத் தாழ்வாக, கல்லும் சீமெந்துமாய் ஒரு வெட்டு இருக்கும். அது வான். குளம் நிரம்பி அதன் மேலால் வழிந்தால் "குளம் வான் பாயுது" என்பார்கள், ஊரே பார்க்க வரும். எதிர்ப்பக்கம் நீர் மெலிந்து புல்லில் முடியும் இடம் அலைகரை. கோடையில் அங்கே மாடு மேயும். துருசு, வான், அலைகரை மூன்றையும் ஒரு குளத்தில் அடையாளம் கண்டுவிட்டால், வன்னியில் எந்தக் குளத்துக்குப் போனாலும் உங்களுக்கு வழி தெரியும்.

திரும்பி நகரத்துக்குள் வாருங்கள். மணிக்கூட்டுக் கோபுரத்தைத் தாண்டி கண்டி-யாழ்ப்பாணம் ஏ-9 வீதியில் கச்சேரிப் (மாவட்டச் செயலகம்) பக்கம் போனால் பண்டாரவன்னியன் சிலை. 1803 ஓகஸ்ட் 25 இல் முல்லைத்தீவுக் கோட்டையை ஆங்கிலேயரிடமிருந்து பிடித்த வன்னி மன்னன். அதே ஆண்டு ஒக்ரோபர் 31 இல் கற்சிலைமடுவில் திறிபேர்க் என்ற படைத்தலைவன் அவரைத் தோற்கடித்ததாக ஆங்கிலேயர் கல் நாட்டினார்கள். வென்றவன் நாட்டிய கல்லால்தான் தோற்றவரின் பெயர் அந்தக் காட்டில் நின்றது. சிலையடியில் வாகன நெரிசல் அதிகம். வீதியின் மறுபக்கம் நின்று பார்ப்பதே வசதி.

நகரத்தில் தொல்பொருள் அருங்காட்சியகம் ஒன்றும் இருக்கிறது. சின்னது, அரை மணித்தியாலம் போதும். மன்னார்ப் பக்கச் சுண்ணாம்புக் கல்லில் செதுக்கிய பழைய புத்தர் சிலைகளும் கிளிநொச்சிப் பகுதியில் கிடைத்த சுடுமண் உருவங்களும் உள்ளே. எனக்கு அந்தச் சுடுமண் உருவங்கள்தான் பிடிக்கும், ஏதோ ஒரு குயவன் கையின் அவசரம் அவற்றில் தெரியும். திறந்திருக்கும் நாளை முன்கூட்டியே விசாரித்துவிட்டுப் போங்கள்.

கந்தசாமி கோயிலைப் பார்த்து, குடியிருப்புப் பிள்ளையார் கோயிலடியில் வவுனியாக் குளத்தோடு நடையை முடிக்கலாம். அருகில் கடையொன்றில் உழுந்துவடையும் வெறுந்தேத்தண்ணியும். குளத்து மீன் விற்கிறவர் யாரும் நின்றால் பெட்டிக்குள் எட்டிப் பாருங்கள். பெரும்பாலும் ஜப்பான் மீன் என்கிற திலாப்பியாதான், அதிர்ஷ்டம் இருந்தால் விரால்.

ஐந்தாவது: கேள்விக்கு விடை வைத்துக்கொள்ளுங்கள்

இதைப் பெரும்பாலான வழிகாட்டிகள் சொல்வதில்லை. வன்னியில் காரணமில்லாமல் நடக்கிற ஆளைக் கண்டால் சனம் பொறுக்காது. பத்து நிமிடத்துக்குள் யாராவது மோட்டார் சைக்கிளை மெதுவாக்குவார்கள்.

"தம்பி, எங்க போறியள்?"

"சும்மா நடக்கிறன் அண்ணை."

"வெயிலுக்க ஏன் நடக்கிறியள்? ஏறுங்கோ, சந்தியில விடுறன்."

சும்மா என்ற விடை எடுபடாது. "டொக்டர் நடக்கச் சொன்னவர்" என்று சொல்லுங்கள், உடனே விட்டுவிடுவார்கள். அல்லது ஒரு கோயிலின் பெயரைச் சொல்லுங்கள். கோயிலுக்கு நடக்கிறவரை யாரும் மறிப்பதில்லை. யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதி முருகன் கோயிலிலிருந்து தெற்கே கதிர்காமத்துக்குப் போகும் பாத யாத்திரை முல்லைத்தீவுப் பக்கம் வற்றாப்பளை அம்மன் கோயிலைத் தொட்டுத்தான் போகிறது, நேர்த்தி நடை இங்கே எல்லாருக்கும் தெரிந்த விஷயம். பெண்கள் தனியாக நடப்பதை விட இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து நடந்தால் கேள்வியும் குறையும், கதையும் கூடும்.

ஆறாவது: பாதை விலகக் கூடாத இடங்கள்

நகர வீதியிலும் ஆட்கள் புழங்கும் குளக்கட்டிலும் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஊருக்கு வெளியே, பாதை இல்லாத பற்றைக்குள் குறுக்கு வழி பார்க்காதீர்கள். மிதிவெடி அகற்றும் வேலை போர் முடிந்து இத்தனை காலத்தின் பின்னும் வன்னியின் சில பகுதிகளில் நடந்துகொண்டுதான் இருக்கிறது. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையைக் கண்டால் வந்த வழியே திரும்புங்கள். படை முகாம்களைப் படம் எடுக்காதீர்கள். குளத்தில் ஊர்ச் சனம் குளிக்கும் துறையைத் தவிர வேறெங்கும் இறங்காதீர்கள், முதலை உண்டு. காட்டோரக் குளங்களில் மாலை மங்கியபின் நிற்க வேண்டாம், அது யானை தண்ணீருக்கு வரும் நேரம்.

ஏழாவது: கிளிநொச்சி

இங்கே பழைய கட்டடம் தேடாதீர்கள். போர் எல்லாவற்றையும் இடித்துவிட்டது. கண்ணில் படுவதில் பெரும்பகுதி 2009 க்குப் பிறகு எழும்பியது. இந்த நகரத்தின் பழமை நீரில்தான் இருக்கிறது. இரணைமடுக் குளத்தின் வேலை 1902 இல் தொடங்கி ஏறத்தாழ இரண்டு தசாப்தம் எடுத்தது. அந்த நீரை நம்பி 1936 இல் குடியேற்றத் திட்டமாகத் தொடங்கியதுதான் கிளிநொச்சி. யாழ்ப்பாணத்தில் காணியில்லாதவர்கள் இங்கே வந்து காடு வெட்டினார்கள். நேர் நேராய்ப் போகும் வீதிகளையும் அவற்றோடு கூடவே ஓடும் வாய்க்கால்களையும் பார்த்தால் அந்தத் திட்டம் இன்னும் தெரியும்.

நடை எளிது. ஏ-9 வீதியில் கந்தசுவாமி கோயிலடியில் இறங்கி, கிளிநொச்சிக் குளத்தின் பக்கம் நடந்து, கரையோரம் போய்த் திரும்புங்கள். ஏ-9 இல் நடக்கும்போது வலது ஓரமாக, எதிரே வரும் வாகனத்தைப் பார்த்தபடி நடக்க வேண்டும். நீண்ட தூர பஸ்கள் இங்கே நிதானம் பார்ப்பதில்லை. ஏதாவது ஒரு வாய்க்காலைத் தெரிந்தெடுத்து, அது முதல் வயலைத் தொடும் வரை கூடவே போய்ப் பாருங்கள். நான் கிளிநொச்சிக்கு வருகிறவர்களுக்குச் சொல்லும் நடை இதுதான். தண்ணீர் விடும் நாளென்றால் மண்வெட்டியோடு ஒருவர் வரம்பு வெட்டித் திருப்பிக்கொண்டு நிற்பார். யாருடைய முறை, எத்தனை மணிக்கு என்று கேட்டுப் பாருங்கள், அரை நாள் கதைப்பார்.

இரணைமடு நகரத்துக்குள் இல்லை. ஏ-9 இல் இரணைமடுச் சந்தியிலிருந்து ஓட்டோ பிடியுங்கள்.

எட்டாவது: முல்லைத்தீவு

இது கடைசியாக. கடலும் நந்திக்கடல் என்ற களப்பும் இரண்டு பக்கமும் இருப்பதால் நடை சின்னதுதான், நிழல் மிகக் குறைவு. ஒல்லாந்தர் 1715 அளவில் மரத்தால் கட்டிப் பிறகு பெருப்பித்த கோட்டை இங்கேதான் இருந்தது, பண்டாரவன்னியன் பிடித்ததும் அதைத்தான். பார்ப்பதற்குக் கோட்டை என்று இன்று ஒன்றும் மிஞ்சவில்லை, தேடி அலையாதீர்கள். நகரத்திலிருந்து கடற்கரைக்குப் போய், வள்ளங்கள் கரைசேரும் நேரத்தில் நில்லுங்கள், காலை ஏழு மணிக்கு முன் போனால் வலையிலிருந்து மீன் தெரிந்தெடுப்பதைக் காணலாம். 2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலை இந்தக் கரையைத் துடைத்துக்கொண்டு போனது. ஐந்து ஆண்டு கழியுமுன் போரின் கடைசி நாட்கள் பக்கத்தில் நந்திக்கடல் ஓரத்தில். இங்கே சந்திக்கிற யாரிடமும் அதைப் பற்றி நீங்களாகக் கேட்காதீர்கள். அவர்களாகச் சொன்னால் கமராவைப் பைக்குள் வைத்துவிட்டுக் கேளுங்கள்.

வைகாசியில் வந்தால் வற்றாப்பளை கண்ணகி அம்மன் பொங்கல். கடல் நீரை எடுத்து வந்து முள்ளியவளைக் காட்டு விநாயகர் கோயிலில் வைத்து விளக்கெரிப்பார்கள், அதன் பிறகு வற்றாப்பளையில் பொங்கல். அந்த நாளில் வீதி முழுக்கச் சனம் நடக்கும், வழிகாட்டி தேவைப்படாது. தண்ணீர்ப் பந்தல்களும் நிறைய இருக்கும், மோர் கிடைத்தால் விடாதீர்கள்.

பஸ்ஸால் இறங்கியதுமே திரும்பும் நேரத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். புதுக்குடியிருப்பு, பரந்தன் வழியாக ஒன்று, ஒட்டுசுட்டான், மாங்குளம் வழியாக இன்னொன்று. இரண்டாவது வழியில் போகிறவர்கள் ஒட்டுசுட்டானில் இறங்கி ஓட்டோ பிடித்தால் பண்டாரவன்னியன் கதையில் வந்த கற்சிலைமடுவைப் பார்த்துவிட்டு வரலாம், அடுத்த பஸ்ஸுக்குச் சந்தியில் காத்திருக்கப் பொறுமை இருந்தால்.