இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடிய காரை எப்படிப் பார்த்து வாங்குவது?

ஓடோமீட்டரில் இரண்டு லட்சம் என்று கண்டதுமே முகம் சுளித்துத் திரும்பிவிடுகிறவர்கள் உண்டு. அவர்களே பத்து வயதான இன்னொரு காரில் நாற்பதாயிரம் என்று பார்த்துவிட்டால் அங்கேயே முன்பணத்தை எடுத்து நீட்டத் துடிப்பார்கள். எனக்கென்னவோ அந்த இரண்டாவது காரைப் பார்த்தால்தான் கை தானாக டார்ச்சைத் தேடும். பானெட்டுக்குள் தலையை விட்டே காலம் தள்ளிய எனக்குத் தேறிய எண்ணம் இதுதான்: நிறைய ஓடிய காரை வாங்கும்போது, அதை இதுவரை வைத்திருந்தவரின் பழக்கவழக்கத்தைத்தான் நாம் விலைகொடுத்து வாங்குகிறோம். எத்தனை ஓடியது என்பது அதற்கு அடுத்த கேள்வி.

அமெரிக்காவில் இர்வ் கோர்டன் என்ற ஆசிரியர் 1966-இல் வாங்கிய வோல்வோ பி1800 காரை 2013-இல் முப்பது லட்சம் மைல் தாண்ட ஓட்டினார். அதில் மாயம் எதுவும் இல்லை. எண்ணெயை உரிய நேரத்தில் மாற்றினார், கையேட்டில் சொன்னதைச் செய்தார், நீண்ட தூரம் ஓட்டினார். இந்தக் கடைசி விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் போகும் காரில் எஞ்சின் முழுச் சூட்டில் இருக்கும். கிளட்சுக்கும் பிரேக்குக்கும் வேலை குறைவு. தினமும் இரண்டு கிலோமீட்டர் போய் நிற்கும் காரிலோ எஞ்சின் சூடேறுவதற்குள்ளேயே அணைக்கப்படுகிறது. எண்ணெயில் சேரும் ஈரமும் எரியாத எரிபொருளும் ஆவியாக நேரமே கிடைப்பதில்லை. ஆகவே, "எத்தனை ஓடியது?" என்று கேட்டவுடன் "எங்கே ஓடியது?" என்றும் கேளுங்கள்.

பார்க்கப் போவதற்கு முன்பு விற்பவரிடம் ஒரே ஒரு வேண்டுகோள் வைத்தால் போதும். நான் வரும்வரை வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள் என்பதுதான் அது. போய் இறங்கியதும் பானெட்டின்மேல் உள்ளங்கையை வையுங்கள். சூடாக இருந்தால், இவர் எதையோ மறைக்கிறார் என்று அப்போதே தீர்மானிக்க வேண்டாம். இன்னொரு நாள் காலையில் வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். பழைய எஞ்சினின் கோளாறுகள் பல, அது ராத்திரி முழுக்கக் குளிர்ந்து கிடந்த பிறகுதான் வாயைத் திறக்கும்.

முதலில் காகிதம்

பெயின்டைத் தடவிப் பார்ப்பதற்கு முன்பு ரசீதுகளைக் கேளுங்கள். பதிவுச் சான்றில் இருக்கும் சேஸிஸ் எண்ணும் காரில் பொறித்திருக்கும் எண்ணும் ஒன்றுதானா என்று பதினேழு எழுத்துகளையும் ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். அது சரியாக இருந்தால் சர்வீஸ் ரசீதுகளைத் தேதிவாரியாக அடுக்குங்கள். ஒவ்வொன்றிலும் கிலோமீட்டர் எழுதியிருக்கும். அது ஏறிக்கொண்டே வர வேண்டும். இடையில் மூன்று ஆண்டுகள் ஒரு ரசீதுகூட இல்லை என்றால் அந்தக் காலத்தில் என்ன நடந்தது என்று கேளுங்கள். வெளிநாட்டில் இருந்தேன், வண்டி நின்றுகிடந்தது என்பார்கள். இருக்கலாம். ஆனால் நின்றுகிடந்த காருக்கும் அதற்குரிய சீக்குகள் உண்டு: ரப்பர் வெடித்திருக்கும், டேங்கில் துரு பிடித்திருக்கும், பிரேக் இறுகியிருக்கும்.

இரண்டு லட்சத்து எழுபதாயிரம் ஓடிய ஒரு காரின் டேஷ்போர்டு டிராயரில் நூல் கட்டிய குறிப்பேடு ஒன்றைப் பார்த்தேன். எரிபொருள் நிரப்பிய ஒவ்வொரு நாளும் தேதி, லிட்டர், கிலோமீட்டர். ஓரத்தில் சிவப்பு மையில், "இடது முன் சக்கரத்தில் முனகல், பேரிங் மாற்றியது" என்பது போன்ற வரிகள். நான் பானெட்டைத் திறப்பதற்கு முன்பே மனத்தளவில் அந்தக் காரை வாங்கியாயிற்று. பிறகு எல்லாவற்றையும் சோதித்தேன் என்பது வேறு விஷயம்.

ரசீதுகளில் நீங்கள் தேட வேண்டிய பெரிய வரி டைமிங் பெல்ட், அதாவது வால்வுகளையும் பிஸ்டன்களையும் ஒரே தாளத்தில் இயங்கவைக்கும் ரப்பர் பட்டை. எல்லா எஞ்சினிலும் அது இருக்காது. சிலவற்றில் செயின் இருக்கும். எது இருக்கிறது, எத்தனை கிலோமீட்டருக்கு மாற்றச் சொல்கிறார்கள் என்பதை அந்த மாடலின் கையேட்டில் முன்கூட்டியே பார்த்துக்கொண்டு போங்கள். காருக்குக் கார் அது மாறும். பல எஞ்சின்களுக்கு ஒரு லட்சத்தை ஒட்டி வரும். கிலோமீட்டர் கணக்கோடு ஆண்டுக் கணக்கும் உண்டு, ஏனென்றால் ரப்பர் ஓடாமல் இருந்தாலும் முதுமை அடையும். பெரும்பாலான நவீன எஞ்சின்களில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் மேலே வந்து திறந்திருக்கும் வால்வில் மோதும். அப்போது பெல்ட்டின் விலையை மறந்துவிட்டு எஞ்சின் தலையின் விலையைக் கேட்க வேண்டியிருக்கும். "போன வருஷம்தான் மாற்றினேன்" என்று வாயால் சொன்னால் நம்பாதீர்கள். ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே கணக்கு. பெல்ட்டை மாற்றும்போதே தண்ணீர் பம்பையும் மாற்றியிருந்தால் நல்ல கைகளில் இருந்த வண்டி என்று எடுத்துக்கொள்ளலாம். பம்பை அந்த பெல்ட்டே ஓட்டும் எஞ்சின்களில் இரண்டுக்கும் ஒரே கூலிதான்.

சில எஞ்சின்களில் பெல்ட் எண்ணெயில் நனைந்தபடியே ஓடும். அங்கே தவறான எண்ணெய் ஊற்றினால் பெல்ட் உதிர்ந்து, அந்தத் துகள்கள் எண்ணெய் உறிஞ்சும் வலையை அடைத்துவிடும். எந்த எண்ணெய் ஊற்றினார்கள் என்று எழுதாத ரசீதுக்கு அந்தக் காரில் மதிப்புக் குறைவு.

செயின் என்றால் ஆயுளுக்கும் கவலையில்லை என்பார்கள். எண்ணெயை ஒழுங்காக மாற்றாத காரில் செயினும் தளரும். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்ததும் முன்பக்கத்தில் சில விநாடிகள் சலசலப்புக் கேட்டால் அதுவாக இருக்கலாம்.

எண் உண்மைதானா?

இன்றைய டிஜிட்டல் ஓடோமீட்டரைத் திருத்தப் பெரிய வித்தை எதுவும் தேவையில்லை. ஆனால் காரின் மற்ற பாகங்களுக்கு அந்தத் திருத்தம் தெரியாது. ஒரு நண்பர் தான் பேசி முடித்துவிட்ட காரைக் காட்ட என்னை அழைத்துப் போனார். ஓடோமீட்டர் 61,000 காட்டியது. சீட்டுக்குப் புது உறை, ஸ்டீயரிங்குக்கும் புது உறை. ஸ்டீயரிங் உறையை லேசாக விலக்கினால் அடியில் தோல் வழவழவென்று தேய்ந்திருந்தது. பிரேக் மிதியின் ரப்பர் ஓரத்தில் கரைந்து இரும்பு எட்டிப் பார்த்தது. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால், கதவுத் தூணில் ஆயில் மாற்றும்போது ஒட்டும் சின்ன ஸ்டிக்கர்; மை மங்கியிருந்தது. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தபோது, அடுத்த ஆயில் மாற்றம் 1,48,000 என்று படிக்க முடிந்தது. விற்பவரிடம் நான் எதுவும் கேட்கவில்லை. டார்ச்சை மட்டும் அங்கேயே பிடித்துக்கொண்டிருந்தேன். அவர் குனிந்து படித்துவிட்டு, அது வேறு வண்டியின் ஸ்டிக்கர் என்றார். நண்பர் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

டயரும் சாட்சி சொல்லும். பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும்; 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்தது. குறைவாக ஓடியதாகச் சொல்லும் இளம் வயதுக் காரில் நான்கு டயரும் காரைவிட இளையவை என்றால் பழைய டயர்கள் எங்கே தேய்ந்தன என்று கேட்கலாம். தேய்மானம் உட்புற ஓரத்தில் மட்டும் இருந்தால் அலைன்மென்ட் அல்லது சஸ்பென்ஷனில் வேலை காத்திருக்கிறது.

ஸ்டார்ட் செய்யும் நேரம்

ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே, எண்ணெய் அளவைக் காட்டும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். எண்ணெய் கறுப்பாக இருப்பது குற்றமில்லை, டீசலில் அது இயல்பு. அளவு அடிக்கோட்டுக்குக் கீழே இருப்பதுதான் குற்றம். விற்கக் கொண்டுவந்த நாளிலேயே எண்ணெய் பார்க்காதவர் மற்ற நாட்களில் பார்த்திருக்கவா போகிறார்? எண்ணெய் ஊற்றும் மூடியின் உட்புறத்தில் வெளிறிய பசை படிந்திருந்தால், குறுகிய தூரம் மட்டுமே ஓடியதால் சேர்ந்த ஈரமாகவும் இருக்கலாம், குளிர்விக்கும் நீரும் எண்ணெயும் கலக்காமல் தடுக்கும் ஹெட் கேஸ்கெட் போனதாகவும் இருக்கலாம். டிப்ஸ்டிக்கிலும் அதே பசை, கூலன்ட் (அந்தக் குளிர்விக்கும் நீர்) தொட்டியில் எண்ணெய்ப் படலம் என்றால் சந்தேகம் உறுதியாகிறது. ரேடியேட்டர் மூடியை எஞ்சின் சூடாக இருக்கும்போது திறக்கவே கூடாது. அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் பீய்ச்சியடிக்கும்.

சாவியைத் திருப்பியதும் எச்சரிக்கை விளக்குகள் எரிந்து, எஞ்சின் கிளம்பியதும் அணைய வேண்டும். எஞ்சின் விளக்கு முதலிலும் எரியவில்லை என்றால் யாரோ அதை ஊமையாக்கியிருக்கலாம்.

இப்போது விற்பவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டு நீங்கள் சைலன்சர் அருகே நில்லுங்கள். குளிரில் மெல்லிய வெண்ணிற ஆவி வந்து மறைவது வெறும் நீராவி. சூடேறிய பிறகும் அடர்த்தியாக, இனிப்பு வாடையோடு தொடர்ந்தால் கூலன்ட் எரிகிறது. ஸ்டார்ட் செய்தவுடன் நீலப்புகை ஒரு வீச்சு வந்து அடங்கினால் பெரும்பாலும் வால்வு சீல் கசிந்து எண்ணெய் எரிகிறது. அதோடு காரை வாங்கியவர்கள் உண்டு, விலையைக் குறைத்துக்கொண்டு. ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதெல்லாம் நீலப்புகை வருகிறது என்றால் பிஸ்டன் ரிங்கைச் சந்தேகிக்க வேண்டும், நான் கிளம்பிவிடுவேன்.

அடுத்தது ஓட்டம். ரேடியோவை அணையுங்கள், ஏசியைப் போட்டுப் பார்த்துவிட்டு அதையும் அணையுங்கள். விற்பவரின் பேச்சை அணைக்கத்தான் வழியில்லை. மேல் கியரில் மெதுவாகப் போய் ஆக்சிலரேட்டரை அழுத்துங்கள். எஞ்சினின் சுழற்சி ஏறுகிறது, வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. காலியிடத்தில் ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பி வட்டமடியுங்கள். டக் டக் என்று சத்தம் வந்தால் சக்கரத்தைச் சுழற்றும் அச்சின் மூட்டான சிவி ஜாயின்ட் தேய்ந்துவிட்டது. வேகத்தோடு கூடும் ரீங்காரம், ஒரு பக்கம் திரும்பும்போது மட்டும் மாறினால் சக்கர பேரிங். இவை எல்லாம் மாற்றக்கூடியவை, பயந்து ஓட வேண்டாம், பட்டியலில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆட்டோமேட்டிக் கியரில் மட்டும் நான் கஞ்சன். பிரேக்கை மிதித்தபடி ரிவர்சுக்கும் டிரைவுக்கும் மாற்றிப் பார்ப்பேன். தாமதித்துப் பிடித்தாலோ, தொம்மென்று இடித்தாலோ பேரத்தையே தொடங்க மாட்டேன். அந்தப் பெட்டிக்குள் இருக்கும் எண்ணெய் ஆயுளுக்கும் போதும் என்று சிலர் சொல்வார்கள். யாருடைய ஆயுளுக்கு என்பதைச் சொல்ல மாட்டார்கள். இரண்டு லட்சம் ஓடியும் கியர் எண்ணெயை மாற்றிய ரசீதே இல்லாத ஆட்டோமேட்டிக்கை விட, மாற்றிய ரசீதுள்ள மூன்று லட்சம் எனக்கு மேல்.

வயிற்றுக்கு அடியில்

வாங்கலாம் என்று மனம் சாய்ந்துவிட்டால் லிஃப்ட் உள்ள பட்டறைக்குக் கொண்டுபோங்கள். விற்பவர் சொல்லும் பட்டறைக்கு வேண்டாம். கூடாது என்று அவர் மறுத்தால் அதுவே பதில்.

எஞ்சினை மாற்றலாம், கியர்பெட்டியை மாற்றலாம், துரு தின்ற உடற்கூட்டை மாற்ற முடியாது. கதவுக்கு அடியில் ஓடும் பெட்டிச் சட்டம், சஸ்பென்ஷன் பொருந்தும் இடங்கள், ஸ்டெப்னி கிடக்கும் குழி ஆகியவற்றை ஸ்க்ரூடிரைவரின் பிடியால் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்க வேண்டும். மேலோட்டமான துருவைப் பற்றிக் கவலையில்லை. புதிதாகக் கறுப்புப் பூச்சு அடித்த அடிப்பகுதி இருந்தால் அதற்குள் என்ன இருக்கிறது என்று தெரியாது. எனக்கு அது துருவைவிட அதிகக் கவலை தரும்.

வெள்ளத்தில் நின்ற காரை வாசனைத் திரவியம் கொஞ்ச காலம் காப்பாற்றும். சீட்டுக்கு அடியில் உள்ள தண்டவாளத்திலும் போல்ட்டுகளிலும் துரு, கார்பெட்டுக்கு அடியில் வண்டல், விளக்குக் கண்ணாடிக்குள் நீர்க்கோடு: இவற்றில் இரண்டைப் பார்த்தால் திரும்பிவிடுங்கள். மின்சார ஒயர்கள் மாதக்கணக்கில் ஒவ்வொன்றாக இறக்கும்.

காரின் கணினி பதிந்துவைத்த பிழைகளைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனர் ஒன்றைக் கையில் கொண்டுபோனால் நல்லது. அமெரிக்காவில் ஓபிடி-2 முறை 1996 முதலும், ஐரோப்பாவில் அதன் வடிவம் பெட்ரோல் கார்களுக்கு 2001 முதலும் கட்டாயம். அதற்கான துளை ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும். பிழைக் குறியீடு ஒன்றும் இல்லை என்று மகிழ்ந்துவிடாதீர்கள். சுயசோதனைகள் எல்லாம் "தயாரில்லை" என்று காட்டினால், பிழைகளைச் சற்றுமுன் அழித்திருக்கிறார்கள் அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள் என்று பொருள்.

விலை பேசும்போது காரைக் குறை சொல்லாதீர்கள்; அது அவருடைய வீட்டு ஆள் மாதிரி. எழுதிவைத்த பட்டியலை எடுத்து பெல்ட், டயர், பேரிங், கிளட்ச் என்று பட்டறை சொன்ன கூலியோடு படியுங்கள். அந்தத் தொகையைக் கேட்ட விலையிலிருந்து கழித்துச் சொல்லிவிட்டு அமைதியாக இருங்கள். கையிலுள்ள பணம் முழுவதையும் விலைக்கே கொடுத்துவிட்டால் முதல் மாதமே கார் உங்களை நடக்கவைக்கும். ஒரு பங்கை ஒதுக்கி வைத்துக்கொண்டு மீதிக்குள் பேசுங்கள்.

வாங்கியதும் எஞ்சின் எண்ணெய், வடிகட்டிகள், கூலன்ட், பிரேக் எண்ணெய் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். பிரேக் எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சும், பழையதை நம்ப முடியாது. பெல்ட்டின் வரலாறு தெரியாத காரை, அதை மாற்றும்வரை வெளியூருக்கு எடுக்காதீர்கள். முதல் இரண்டு மாதம் வாரம் ஒருமுறை டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். பழைய எஞ்சின் கொஞ்சம் எண்ணெய் குடிக்கும். எவ்வளவு குடிக்கிறது என்று தெரிந்துகொண்டால் இடையில் ஊற்றிக்கொண்டே ஆண்டுக்கணக்கில் ஓட்டலாம்.