புகார் வராத நிறுவனம் நல்ல நிறுவனமா? தவிர்க்க வேண்டிய சில தவறுகள்

குமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம், கருங்கல் பக்கம் அண்டியாபீஸ் என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்த முந்திரி ஆலையில் ஒரு பருப்பு முழுசாக டின்னுக்குள் போவதற்கு நாலைந்து கை மாறுகிறது. கொட்டையை உடைப்பவர் ஒருவர், போர்மா என்கிற சூட்டறையில் வைத்துப் பருப்பைக் காய்ச்சுபவர் இன்னொருவர், அப்புறம் தொலி உரிப்பவர்கள், கடைசியில் தரம் பிரிப்பவர்கள். போர்மாவில் காய்ச்சல் குறைந்தால் தொலி விடாது, கூடினால் பருப்பு நொறுங்கும். இது முதலில் தெரிவது தொலி உரிக்கிற அக்காவின் விரலுக்குத்தான். அப்போதே "அண்ணே, இன்னைக்கு தொலி விடல"ன்னு அவர் ஒரு குரல் கொடுத்தால் அடுத்த தட்டு தப்பிக்கும். கொடுக்காவிட்டால் தரம் பிரிக்கிற மேசைக்கு வந்த பிறகுதான் தெரியும். முழுப்பருப்பு விலையும் உடைசல் விலையும் முதலாளிக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

அந்த அக்கா ஏன் சொல்லவில்லை? சொன்னால் பழி நம் தலையில் விழும், கூலியில் பிடிப்பார்கள் என்ற நினைப்புதான். அவருக்கு வேலை தெரியும், போர்மாக்காரரோடு சண்டையும் கிடையாது. நிறுவனத்தின் மேல் நம்பிக்கை இல்லாதபோது ஒவ்வொருவரும் தான் உரித்த எடை, தன் கணக்கு என்று ஒதுங்கிவிடுகிறார்கள்.

இதனால்தான் "நம்மிடம் புகாரே வருவதில்லை" என்று பெருமைப்படுவதை முதல் தவறு என்பேன். அமெரிக்க ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன், மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நடக்கும் பிழைகளை ஆராய்ந்து 1996இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். நன்றாக நடத்தப்படும் குழுக்களில்தான் பிழைகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. அங்கே ஆட்கள் பயப்படாமல் சொன்னார்கள், மற்ற இடங்களில் மறைத்தார்கள் என்பதே அவர் தந்த விளக்கம். கெட்ட செய்தி கொண்டுவந்தவரை எல்லார் முன்னாலும் ஒருமுறை திட்டிப் பாருங்கள், அடுத்த செய்தி உங்களிடம் வராது.

அடுத்தது பணம். நாகர்கோவில் ஜவுளிக்கடையானாலும் சரி, சின்ன ஐடி கம்பெனியானாலும் சரி, சம்பளம் தள்ளிப்போகும்போது முதலாளி வாயே திறக்காமல் இருப்பதுதான் ஆளை உடைக்கிறது. அதைவிட மோசம், பிஎஃப் பிடித்துவிட்டுக் கட்டாமல் வைப்பது. பிடித்த தொகையை மறுமாதம் 15ஆம் தேதிக்குள் கட்டவேண்டும். இப்போது அரசின் உமாங் செயலியில் பாஸ்புக்கைத் திறந்தால் யாருக்கும் தெரிந்துவிடும். ஒருத்தர் பார்த்தால் மத்தியானச் சோற்று நேரத்துக்குள் எல்லாரும் பார்த்திருப்பார்கள். போனஸும் இப்படித்தான். சட்டம் சொல்வது சம்பளத்தில் குறைந்தது 8.33%, அதிகபட்சம் 20%. தீபாவளிக்கா, கிறிஸ்துமஸுக்கா, எவ்வளவு என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் பாதிப் புகைச்சல் அடங்கும். ஆர்டர் இல்லை, பணம் முடங்கிவிட்டது என்றால் அதையும் தேதியோடு சொல்லுங்கள். இந்த ஊரில் அதைப் புரிந்துகொள்ளாத தொழிலாளி குறைவு.

"நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்ற பேச்சையும் அளந்து பேசுவது நல்லது. லாபம் வரும்போது கம்பெனி, நஷ்டம் வரும்போது குடும்பமா என்று ஆட்கள் கேட்கமாட்டார்கள், நினைத்துக்கொள்வார்கள். ஊக்கமூட்டும் பேச்சாளரை அழைத்து, கன்னியாகுமரி ரிசார்ட்டில் ஒருநாள் கூத்தடிப்பதும் தேவலைதான், சாப்பாடாவது நன்றாக இருக்கும். ஆனால் பிஎஃப் பாக்கி நிற்கும்போது அந்தச் செலவு எரிச்சலைத்தான் கிளப்பும்.

கடைசியாக ஒன்று, பலர் இதைத் தவறு என்றே நினைப்பதில்லை. வேலை செய்பவர்களுக்குள்ளேயே ஒருவரை "நம்ம ஆளு" என்று வைத்துக்கொண்டு, யார் என்ன பேசினார் என்று கேட்டு வாங்குவது. யார் அந்த ஆள் என்பது எல்லாருக்கும் தெரிந்துவிடும். அவர் பக்கத்தில் வந்தால் பேச்சு நின்றுவிடும், நாளாக ஆக யாரும் யாரிடமும் வேலை விஷயம்கூடப் பேசமாட்டார்கள். அப்படி ஒருவரை வைத்திருந்தால் இந்த வாரமே அந்த வழக்கத்தை நிறுத்துங்கள். தினமும் வேலை தொடங்குமுன் பத்து நிமிடம் நீங்களே நேரில் நின்று, நேற்று எது சரிவரவில்லை என்று கேளுங்கள். முதல் சில நாள் எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். சொன்ன ஒருவருக்கு ஒன்றும் ஆகவில்லை, சொன்ன கோளாறும் சரியானது என்று கண்ணால் கண்ட பிறகே மற்றவர்கள் பேசுவார்கள்.