7.15 மணிச் சூரியன்: தில்லியில் விடிகாலைப் படம் எடுக்கப் போகிறவர்களுக்கு

தில்லிக்கு மாற்றலாகி வந்த முதல் குளிர்காலத்தில்தான் இந்த ஊரின் பெரிய வசதி ஒன்று எனக்குப் புரிந்தது. ஜனவரியில் இங்கே சூரியன் 7.15க்குத்தான் எழுந்திருக்கிறது. 9.30க்கு அலுவலகம் போய்க் கணக்கு எழுதும் என்னைப் போன்ற ஆளுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஜூனில் கதை வேறு. 5.25க்கே விடிந்துவிடும், ஆறரைக்கெல்லாம் வெளிச்சம் வெளுத்துப் போய்விடும். அதனால் புதிதாகத் தொடங்குவதாக இருந்தால் நவம்பரில் தொடங்குங்கள். மே மாதத்தில் தொடங்கி இரண்டே வாரத்தில் விட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அதில் நானும் ஒருத்தி.

முதல் வருடம் நான் செய்த தப்பு, ஒரே காலையில் மூன்று இடம் பார்த்துவிட ஆசைப்பட்டது. லோதி தோட்டம், அங்கிருந்து ஆட்டோவில் ஹுமாயூன் கல்லறை, அப்புறம் இந்தியா கேட். வீட்டுக்கு வந்து பார்த்தால் கார்டில் நானூறு படம். சுவரில் மாட்ட ஒன்றுகூடத் தேறாது. நல்ல வெளிச்சம் முக்கால் மணி நேரம்தான் இருக்கும், அதில் பாதியை ஆட்டோவில் கழித்தால் என்ன கிடைக்கும்? இப்போது ஒரு காலைக்கு ஒரே இடம். அதே இடத்துக்கு நாலைந்து வாரம் தொடர்ந்து போவேன். பேர்தான் காலை நடை, பாதி நேரம் நின்றுகொண்டுதான் இருப்பேன்.

முதல் நாள் இரவே பார்த்து வைக்க வேண்டியது ஒன்றுதான்: கட்டடம் எந்தத் திசையைப் பார்க்கிறது, சூரியன் எங்கிருந்து வரும். கிழக்கு என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் போதாது. டிசம்பர் கடைசியில் தில்லியில் சூரியன் நேர் கிழக்கிலிருந்து தெற்கே ஏறக்குறைய 27 டிகிரி தள்ளி உதிக்கும். ஜூனில் அதே அளவு வடக்கே. போன மாதம் தூணுக்கு இடப்பக்கம் வந்த வெயில் இந்த மாதம் தூணுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். கைப்பேசியில் சூரியன் வரும் கோணத்தைக் காட்டும் செயலிகள் இருக்கின்றன, ஏதாவது ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

உதாரணத்துக்கு ஜாமா மசூதி. ஷாஜகான் கட்டி 1656ல் முடித்தது. தொழுகை மேற்கு நோக்கி என்பதால் மண்டபத்தின் முகப்பு கிழக்கைப் பார்த்திருக்கிறது. காலை வெயில் நேராகச் சிவப்புக் கல்லில் விழும், முற்றத்துப் புறாக்களின் சிறகு ஓரமெல்லாம் ஒளிரும். மாலையில் போனால் அதே முகப்பு நிழலில் கிடக்கும். ஹுமாயூன் கல்லறையில் நேர்மாறு. நாம் உள்ளே நுழைவது மேற்கு வாசல் வழியாக; காலையில் கட்டடம் இருட்டாக, பின்னால் வானம் வெளிச்சமாகத் தெரியும். குவிமாடத்தின் கறுப்பு நிழலுரு வேண்டுமென்றால் அங்கேயே நில்லுங்கள். கல்லின் நிறம் வேண்டுமென்றால் மேடையைச் சுற்றிக்கொண்டு கிழக்குப் பக்கம் போய்விடுங்கள்.

கர்தவ்ய பாதை, அதாவது 2022 வரை ராஜபாதை என்று பெயர் இருந்த சாலை, ஏறக்குறைய நேர் கிழக்கு மேற்காக ஓடுகிறது. மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும் சில நாட்கள், மேற்குப் பக்கமுள்ள விஜய் சௌக் சந்திப்பில் நின்று பார்த்தால் சூரியன் இந்தியா கேட்டின் பின்னாலிருந்து எழும். 42 மீட்டர் உயரமுள்ள வளைவு அவ்வளவு தூரத்திலிருந்து சூரிய வட்டத்தைப் போல இரண்டு மடங்கு உயரம்தான் தெரியும். 200 மிமீ லென்ஸ் இருந்தால் இரண்டையும் ஒன்றாகப் பிடிக்கலாம். மார்ச்சைவிட செப்டம்பர் நல்லது, மழை கழுவிய வானம். அப்படியும் மூன்று வருடத்தில் எனக்குச் சரியாக அமைந்தது இரண்டே காலை. மற்ற நாளெல்லாம் தூசிக்குள்ளேயே உதித்து, கண்ணுக்குத் தெரியும்போது வளைவைத் தாண்டி மேலே போயிருந்தது. கண்ணை வைத்துப் பார்க்கும் ஆப்டிக்கல் வியூஃபைண்டர் வழியாகச் சூரியனைக் குறி பார்க்காதீர்கள், பின்திரையில் பாருங்கள்.

பனிமூட்டத்துக்கு வருகிறேன். வெளிச்சத்தை அளக்கும் கேமராவின் மீட்டர் எல்லாவற்றையும் நடுத்தரச் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும். லோதி தோட்டத்தின் எட்டுத்தூண் பாலம் பனிக்குள் வெள்ளையாக மிதக்கும்போது அப்படியே எடுத்தால் அழுக்குத் துணி மாதிரி வரும். எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சத்தை இரண்டு மடங்காக, கூட்டுங்கள். நிழலுரு எடுக்கும்போது நேர்மாறாக ஒரு ஸ்டாப் குறையுங்கள். நிறத்தைச் சரிசெய்யும் வெள்ளைச் சமநிலையைத் தானியங்கியில் விடாமல் 'பகல் வெளிச்சம்' என்பதில் நிறுத்திவிடுவேன். இல்லாவிட்டால் விடியலின் நீலத்தைக் கேமராவே சரிசெய்கிறேன் பேர்வழி என்று துடைத்துவிடும். ரா கோப்பாக, அதாவது கேமரா பதப்படுத்தாத கோப்பாக எடுத்தால் பிறகு மாற்றிக்கொள்ளலாம், உண்மைதான். ஆனால் எடுக்கும்போதே திரையில் நீலம் தெரிந்தால் எதற்காகக் காத்திருக்கிறோம் என்பது மறக்காது.

முக்காலி வேண்டாம். தொல்லியல் துறையின் கீழ் உள்ள சின்னங்களில் அதற்குத் தனி அனுமதி வாங்க வேண்டும். கையில் பிடித்து எடுப்பதற்குத் தடையில்லை. 50 மிமீ, எஃப் 1.8 லென்ஸ் ஒன்று, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 1600, சாய்ந்துகொள்ள ஒரு சுவர். சூரிய உதயத்துக்கு இருபது நிமிடம் முன்பு இருக்கும் வெளிச்சத்துக்கு இதுவே போதும்.

இனி யமுனா காட், ஆற்றங்கரைப் படித்துறை. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை கடற்காகங்கள் கூட்டம் கூட்டமாக வருகின்றன. காட் மேற்குக் கரையில் இருப்பதால் சூரியன் ஆற்றுக்கு அப்பாலிருந்து நமக்கு நேராக வரும். படகுக்காரர்களிடம் ஏறும் முன்பே ஆளுக்கு எவ்வளவு, எவ்வளவு நேரம் என்று பேசிவிடுங்கள். எனக்கு வழக்கமான பெரியவர் ஒருவர் இருக்கிறார். முதல் நாளே கையில் ஒரு பொட்டலம் மிக்சரைத் திணித்து, "வீசுங்கள் தீதி (அக்கா), பறவை வரும்" என்றார். எண்ணெயில் பொரித்த உப்புப் பண்டம் பறவைக்கு ஆகாது என்று நான் வாங்கவில்லை. அவர் என்னைப் பார்த்தார், ஆற்றைப் பார்த்தார், துடுப்பை எடுத்து, வீசிக்கொண்டிருந்த பக்கத்துப் படகிலிருந்து பத்தடி தள்ளிக் கொண்டுபோய் நிறுத்தினார். என் கொள்கையும் பிழைத்தது, படமும் கிடைத்தது. இதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை.

பறக்கும் பறவைக்கு ஷட்டர் வேகம் 1/1600 நொடிக்குக் குறைய வேண்டாம். சிறகு கீழே இறங்கும்போது முகம் தெரியும், மேலே போகும்போது அடிவயிற்றில் வெளிச்சம் ஊடுருவும். எது வேண்டுமென்று முடிவுசெய்து அதற்கு மட்டும் அழுத்துங்கள். தொடர்ந்து சுட்டுத் தள்ளினால் மாலையில் உட்கார்ந்து அழிக்க வேண்டியதும் நீங்கள்தான்.

ஆட்கள் விஷயம். தலைநகரம் என்பதால் காவலர் இல்லாத முனை கிடையாது. குடியரசுத் தலைவர் மாளிகை இருக்கும் ரைசினா குன்றுப் பக்கம் யாராவது வந்து கேட்டால் வாதாடாமல் கேமராவைத் திருப்பி எடுத்ததைக் காட்டிவிடுங்கள். ஒருமுறை ஒரு அலுவலக மதில்மேல் உட்கார்ந்திருந்த மயிலை எடுத்ததற்கு இருபது நிமிடம் நிற்க வைத்தார்கள். மயில் எங்களைப் பார்த்துவிட்டுப் பறந்துபோயிற்று. ஜனவரியில் குடியரசு தின ஒத்திகைக்குச் சாலைகளை மூடுவார்கள், கிளம்பும் முன் போக்குவரத்துக் காவல்துறையின் அறிவிப்பைப் பாருங்கள். டிரோனை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. இருட்டில் தனியாகக் கிளம்ப வேண்டாம் என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் அதையேதான் சொல்கிறேன். முதல் மெட்ரோவில் போகிறேன், லோதி தோட்டம் போல நடப்பவர்கள் நிறைந்த இடமாகப் பார்த்துப் போகிறேன். யமுனைக்கு மட்டும் என்னோடு வேலை பார்க்கும் அக்கா ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொள்வேன். அவருக்குப் படத்தில் ஆர்வம் இல்லை, ஃபிளாஸ்க் டீயோடு படியில் உட்கார்ந்துவிடுவார்.

குளிரில் பேட்டரி சீக்கிரம் தீரும். மாற்று பேட்டரி சட்டையின் உள்பையில் உடம்புச் சூட்டில் இருக்கட்டும். திரும்பி வந்ததும் கதகதப்பான அறையில் கேமராவை எடுத்துவிடாதீர்கள், லென்ஸ் முழுக்க ஈரம் பூத்துவிடும். வெளியில் இருக்கும்போதே காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் போட்டு மூடி, வீட்டில் ஒரு மணி நேரம் அப்படியே வையுங்கள். கார்டை மட்டும் முதலிலேயே உருவிக்கொள்ளலாம். நான் அதுவும் செய்வதில்லை. பையை அலமாரியில் வைத்துவிட்டுக் குளித்துக் கிளம்பிவிடுவேன், என்ன கிடைத்தது என்று சாயங்காலம்தான் தெரியும்.