சியாபாஸ் மலைக் கிராமங்களுக்கு மனித உரிமைப் பார்வையாளராகச் செல்வது எப்படி?

மெக்சிகோவின் தென்கோடி மாநிலமான சியாபாஸில், 1994 ஜனவரி 1 அன்று நிலமும் உரிமையும் கேட்டுப் பழங்குடியினர் ஆயுதமேந்திய ஜபதிஸ்தா கிளர்ச்சி வெடித்தபின், பழங்குடிக் கிராமங்களைச் சுற்றி ராணுவ முகாம்களும் ஆயுதக் கும்பல்களும் பெருகின. 1997 டிசம்பர் 22 அன்று ஆக்தேயால் என்னும் சிற்றூரில் பிரார்த்தனையில் இருந்த சோட்சில் இனத்தவர் 45 பேர் கொல்லப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். வெளியார் பார்த்துக்கொண்டிருக்கும் இடத்தில் கை ஓங்குபவன் சற்றுத் தயங்குவான் என்பதே பார்வையாளர் பணிக்கு அடிப்படை. ஆபத்திலிருப்பவர்களுக்கு ஆயுதமின்றித் துணைநிற்கும் பீஸ் பிரிகேட்ஸ் இன்டர்நேஷனல் அமைப்பின் தொண்டர்கள் 1989 முதல் 1998 வரை இலங்கையில் பணியாற்றியதும் இந்த நம்பிக்கையில்தான்.

படி 1: அழைப்பின் வழியே செல்லுங்கள்

ஆயர் சாமுவேல் ரூயிஸ் 1989இல் நிறுவிய பிராய் பார்தோலோமே தெ லாஸ் காசாஸ் மனித உரிமை மையம், சான் கிறிஸ்டோபல் நகரிலிருந்து பார்வையாளர் குழுக்களை அனுப்புகிறது. கிராமம் கேட்டால்தான் ஆள் போகும். தாமாகவே பையைத் தூக்கிக்கொண்டு போய் நிற்பவர், எவ்வளவு நல்ல மனத்தோடு வந்திருந்தாலும், அந்த ஊருக்குச் சுமைதான். பயணச் செலவும் சாப்பாட்டுச் செலவும் உங்களுடையவை.

படி 2: மொழி, விசா, சட்டம்

ஓரளவு சரளமான ஸ்பானிஷ் வேண்டும். ஊருக்குள் சோட்சில், செல்தால் போன்ற மொழிகளே ஒலிக்கும். வெளிநாட்டவர் நாட்டின் அரசியலில் தலையிடக் கூடாது என்று மெக்சிகோ அரசமைப்பின் 33ஆம் பிரிவு சொல்கிறது. 1998இல் வெளிநாட்டுப் பார்வையாளர் பலர் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டனர். ஆகவே எந்த விசாவில் வருவது என்பதைப் பயணச்சீட்டு வாங்கும் முன்பே மையத்திடம் எழுதிக் கேளுங்கள்.

படி 3: ஆபத்தை நேராகப் பாருங்கள்

அண்மை ஆண்டுகளில் போதைக் கும்பல்களின் மோதல் குவாத்தமாலா எல்லையிலிருந்து உள்ளே பரவியிருக்கிறது. பழங்குடிகளுக்காகக் குரல்கொடுத்த பாதிரியார் மார்செலோ பெரேஸ், 2024 அக்டோபர் 20 அன்று சான் கிறிஸ்டோபலில் திருப்பலி முடித்து வந்தபோது சுட்டுக்கொல்லப்பட்டார். வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டைப் பார்த்து ராணுவ அதிகாரி தயங்கலாம்; கடத்தல்காரன் தயங்குவான் என்று சொல்ல முடியாது. கடைசி நேரத்தில் மையம் உங்கள் பயணத்தை நிறுத்தினால் வாதாடாதீர்கள்.

படி 4: குறிப்பேட்டைப் பழகுங்கள்

பணியின் பெரும்பகுதி இதுதான். புதியவர்கள் சறுக்குவதும் இங்கேதான். "ராணுவத்தினர் மக்களை மிரட்டினார்கள்" என்ற வரி எந்த வழக்கறிஞருக்கும் பயன்படாது. மாறாக, "காலை 10.40, வடக்குச் சாலையிலிருந்து மூன்று பச்சை வண்டிகள், ஏறத்தாழ 25 சிப்பாய்கள், பள்ளிக்கூடத்தின் முன் எட்டு நிமிடம் நின்றார்கள், ஒருவர் வீடுகளைப் படமெடுத்தார்" என்று எழுதினால் அது சாட்சியமாகும். கண்ணால் கண்டதை ஒரு பக்கத்திலும், பிறர் சொல்லிக் கேட்டதை மறுபக்கத்திலும் எழுதுங்கள். உங்கள் ஊகத்துக்கு இரண்டிலும் இடமில்லை. தகவல் சொன்னவரின் பெயரைக் குறிக்காமல் மையம் கற்றுத்தந்த குறியீட்டையே பயன்படுத்துங்கள், ஏனெனில் சோதனைச் சாவடியில் அந்தக் குறிப்பேடு பிறர் கைக்குப் போகக்கூடும். படமெடுக்கும் முன் ஊர்ப் பொறுப்பாளரிடம் அனுமதி கேட்பதோடு, கைபேசி இருப்பிடத்தைப் பதியாதவாறும் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 5: ஊரில் இருப்பது

பொதுவாக இரண்டு வாரமாவது தங்க வேண்டும். பல நாள்கள் ஒன்றுமே நடக்காது. சோளத் தோசை போன்ற தொர்தியாவும் அவரை வகைப் பயறும் மழையுமாகப் பொழுது கழியும். சலிப்பில் ஊர்த் தகராறுக்குத் தீர்ப்புச் சொல்வதும், ஒரு தரப்புக்குப் பணம் கொடுப்பதும், பார்வையாளர் என்ற உங்கள் நிலையையே கெடுத்துவிடும். எதுவும் நடக்கவில்லை என்றால் அதையும் தேதியிட்டு எழுதுங்கள்.

படி 6: திரும்பியதும்

நகருக்கு வந்தவுடன், நினைவு மங்கும் முன், அறிக்கையை மையத்திடம் ஒப்படையுங்கள். அவர்கள் சரி என்று சொல்லும்வரை ஒரு படத்தைக்கூட முகநூலில் போடாதீர்கள். நீங்கள் விமானம் ஏறிவிடுவீர்கள், படத்தில் இருப்பவர் அதே ஊரில்தான் இருப்பார்.