குழுப் பயிற்சியில் பங்கேற்பாளர்களை உண்மையாக ஈடுபடுத்துவது எப்படி?

"புரிகிறதா?" என்று பயிற்றுநர் கேட்டதும் "புரிகிறது" என்று அறை முழுவதும் ஒரே குரலில் பதில் வந்தால், அதை ஈடுபாடு என்று எண்ணிவிடக் கூடாது. தாம் சொல்லும் சொல்லால் அமர்வின் போக்கு மாறக்கூடும் என்று தெரிந்தால்தான் பங்கேற்பாளர்கள் மனம் விட்டுப் பேசுவார்கள். முதன்முறையாகப் பயிற்சி நடத்துபவர்கள் அந்த நிலையை உருவாக்கும் வழிமுறையைக் கீழே படிப்படியாகக் காணலாம்.

முதல் படி அமர்வுக்குச் சில நாட்கள் முன்பே தொடங்குகிறது. "இந்த வேலையில் கடைசியாக எங்கே தடுமாறினீர்கள்?" என்ற ஒரே கேள்வியைப் பங்கேற்பாளர்களுக்கு அனுப்புங்கள். வரும் பதில்களிலிருந்து உங்கள் எடுத்துக்காட்டுகளை அமைத்துக்கொள்ளுங்கள். ஆனால் யார் எழுதியது என்பதை வெளியிடாதீர்கள்.

இரண்டாவது, இருக்கைகள். ஒருவர் முகத்தை மற்றவர் பார்க்கும்படி வட்டமாகவோ அரைவட்டமாகவோ போட்டாலே போதும். தொடக்கத்தில் எல்லாரையும் ஆடவோ பாடவோ வைக்கும் விளையாட்டுகளை நான் பரிந்துரைப்பதில்லை. பாடத்தோடு தொடர்பில்லாத அந்தக் கலகலப்பு பெரும்பாலும் பாடம் தொடங்கியதுமே அடங்கிவிடும்.

மூன்றாவது படிதான் மிகுந்த உழைப்பைக் கேட்பது: கேள்விகளை முன்கூட்டியே எழுதிப் பார்ப்பது. வாடிக்கையாளர் புகார்களைக் கையாள்வது பற்றிய பயிற்சி என்று வைத்துக்கொள்வோம். "கோபமாக வருபவரிடம் எப்படிப் பேச வேண்டும்?" என்று கேட்டால், "பொறுமையாக", "பணிவாக" என்று எல்லாருக்கும் ஏற்கெனவே தெரிந்த விடைகளே வரும். "அண்மையில் உங்களிடம் கோபப்பட்டவர் முதலில் சொன்ன வாக்கியம் எது? நீங்கள் உடனே என்ன சொன்னீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். "நாலு முறை போன் செய்துவிட்டேன் என்றார், பில் நம்பர் சொல்லுங்கள் என்றேன்" என்று ஒருவர் சொன்னால், அந்தப் பதில் கோபத்தைத் தணித்திருக்குமா, கூட்டியிருக்குமா என்று குழு தானாகவே விவாதிக்கத் தொடங்கும். விடை உங்களுக்கு முன்பே தெரிந்த கேள்விகளைக் கூடியவரை அடித்துவிடுங்கள். அது தேர்வு வைப்பதாகவே பங்கேற்பாளருக்குப் படும்.

நான்காவது, கேட்டபின் காத்திருங்கள். பள்ளி வகுப்பறைகளை ஆராய்ந்து 1970களில் தம் முடிவுகளை வெளியிட்ட அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோவ், ஆசிரியர்கள் பதிலுக்காகச் சராசரியாக 1 வினாடி அளவே காத்திருந்ததையும், அதை 3 வினாடியோ அதற்கு மேலோ நீட்டியபோது பதில்கள் நீண்டு, பதிலே வராத நிலை குறைந்ததையும் கண்டார். முன்னால் நிற்பவருக்கு அந்த மூன்று வினாடி மிக நீளமாகத் தெரியும் என்பதால், மனத்துக்குள் எண்ணிக்கொள்வது நல்லது.

அப்போதும் சிலர் பேசமாட்டார்கள். அவர்களைப் பெயர் சொல்லி எழுப்புவதைவிட, அமெரிக்கக் கல்வியாளர் பிராங்க் லைமன் 1981இல் முன்வைத்த முறை உதவும்: முதலில் ஒவ்வொருவரும் தனியாகச் சிந்திக்க ஒரு நிமிடம், பிறகு பக்கத்தில் இருப்பவரோடு பேச மூன்று நிமிடம், அதன்பின் குழுவோடு பகிர்தல். தயங்குபவருக்கு ஒத்திகை பார்த்த தெம்பு கிடைக்கிறது. ஓயாமல் பேசுபவருக்கோ கேட்க ஓர் ஆள் கிடைத்துவிடுகிறார்.

அடுத்து, வரும் பதில்களை வெண்பலகையில் அவர்களுடைய சொற்களிலேயே எழுதுங்கள். உங்கள் நடைக்கு மாற்றி எழுதினால், சொன்னவருக்கு அது தன் கருத்தாகத் தோன்றாது. எதைச் சொன்னாலும் "அருமை" என்று பாராட்டுவதும் வேண்டாம். உடன்பாடு இல்லையென்றால், "எனக்கு வேறு கருத்து இருக்கிறது, இப்படிச் செய்து பலன் கிடைத்த அனுபவம் யாருக்காவது உண்டா?" என்று வெளிப்படையாகக் கேட்கலாம். விடை தெரியாத கேள்வி வந்தால் தெரியாது என்றே சொல்லி, பலகையின் ஓரத்தில் குறித்துவைத்து, எப்போது பதில் தருவீர்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

விவாதம் சூடுபிடித்தால் ஸ்லைடுகளில் சிலவற்றை விட்டுவிட நேரும். எவற்றை விடலாம் என்பதை முன்பே தீர்மானித்திருந்தால் பதற்றம் இராது.

இறுதியில் ஆளுக்கொரு சிறு தாள் கொடுத்து, நாளை வேலையில் செய்து பார்க்கப்போவது என்ன, இன்னும் தெளிவாகாதது என்ன என்று பெயர் குறிப்பிடாமல் எழுதித் தரச் சொல்லுங்கள். தெளிவாகாதவற்றுள் பலர் எழுதியிருப்பதை எடுத்து, அடுத்த அமர்வை அதிலிருந்தே தொடங்குங்கள்.